சூடம் அடிக்க மாட்டேன்

என் மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை என்றதும் ஊரே என் கையைத்தான் பார்த்தது. அவள் தொண்டையைப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

என் பெயர் பொற்கொடி. சிலமலையில் வீடு. கிழக்கு வெளுக்கும்முன் ஜீப்பில் ஏறி, போடி, முந்தல் தாண்டி, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி, உச்சியில் இருக்கிற மெட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு நான்தான் தலைவி. ஜீப்பில் யார் எங்கே உட்காருவது, தோட்டத்தில் யார் எந்த வரிசையில் இறங்குவது, யார் எப்போது வாயை மூடுவது எல்லாம் என் பொறுப்பு. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிடுவேன்.

எங்கள் ஜீப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் எல்லாரும் தூக்குவாளியில் கொண்டுவந்த சோற்றை ஒரே அலுமினிய அன்னக்கூடையில் கொட்டிவிடுவோம். ஒருத்தி கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவாள், ஒருத்தி மொச்சைக் குழம்பு, இன்னொருத்தி முதல்நாள் ரசம். எது வந்தாலும் சேர்த்துப் பிசைந்துவிடுவேன். காய் எடுத்த கையில் ஒட்டும் கறை சோப்புக்கும் மசியாது. மலைமேல் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும். அதனால் நான் ஒருத்தி மட்டும் சுடுதண்ணீரில் கை கழுவி உருண்டை பிடித்துக் கொடுப்பேன். மற்றவர்கள் ஏலத்தழையைக் கிழித்து உள்ளங்கையில் விரித்து வாங்கிக்கொள்வார்கள். பல வருடமாக அந்தச் சரிவில் அத்தனை பேருக்கும் என் கைச்சோறுதான்.

அந்தக் கைதான் என் மகனுடைய மறுவீட்டு விருந்திலும் முதல் உருண்டை கொடுத்தது. மகன் விஜயபாண்டி எங்கள் ஜீப்பை ஓட்டுகிறவன். மருமகள் முத்துப்பிரியா வேறு யாருமில்லை, என் அண்ணன் காசிமாயன் பெற்ற மகள். பி.காம். படித்துவிட்டுப் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். விருந்தன்று கோழிக் குழம்பில் சோற்றைப் பிசைந்து அவள் கையில் வைத்தேன். வாயில் போட்டாள், மென்றாள், விழுங்கினாள். பாதியில் முகம் மாறியது. நெஞ்சைக் குத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். தின்றது தின்றபடியே வெளியே வந்தது.

"அதுக்குள்ளயேவா?" என்று பந்தியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. அவள் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். சோறு நெஞ்சில் நின்றால் எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, தோளைப் பின்னால் வளைத்து என்னவோ வித்தை காட்டுவாள். கொஞ்ச மாதத்தில் தண்ணீரும் நெஞ்சோடு நின்று திரும்ப ஆரம்பித்தது. படுத்தால் தலையணை நனைந்தது. இருமி இருமி எழுந்து உட்காருவாள். கைவளையல் முழங்கைவரை ஏறியது. அண்ணன் மகளை நான் சின்ன வயதில் இடுப்பில் தூக்கியிருக்கிறேன். இப்போதும் அதே கனம்தான் இருப்பாள் என்று தோன்றியது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. போடியில் ஒரு டாக்டர் கேஸ் என்றார். தேனியில் ஒருவர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, புண்ணும் இல்லை கட்டியும் இல்லை, நெஞ்செரிச்சல்தான் என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரையும் இறங்கவில்லை. மூன்றாவது டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "புதுப் பொண்ணு. மனசுல ஏதாவது வேதனை இருக்கும். வீட்ல மாமியார்கூட எப்படி?" என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். அங்கே இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் அவருக்குத்தான் வேதனை வந்திருக்கும்.

அப்புறம் அவள் அம்மா குருவம்மாள் தன் வழியில் போனாள். குருவம்மாள் எனக்கு மதினி. எங்கள் ஜீப்பில்தான் அவளும் வருவாள். தொக்கம் எடுக்கிற ஒருவரிடம் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் பக்கத்தில் குழந்தைக்குச் சோறு செரிக்காமல் உள்ளே நின்றுவிட்டால் அதைத் தொக்கம் என்பார்கள். வயிற்றைத் தடவி, குழல் வைத்து உறிஞ்சி, நின்ற பண்டத்தை எடுத்துக் காட்டுவார்கள். இந்த மனிதர் முத்துப்பிரியாவின் வயிற்றைத் தடவி, உறிஞ்சி, இலையில் ஒரு சோற்று உருண்டையைத் துப்பினார். அது மறுவீட்டு விருந்தில் கொடுத்த உருண்டை என்றார். அதில் இடுமருந்து கலந்திருக்கிறது என்றார். ஆளை உருக்கிக் கொல்வதற்குச் சோற்றில் வைக்கிற பண்டமாம். கை வைத்தது வீட்டுக்குள்ளேயே இருக்கிற பொம்பளை என்றும் சொல்லி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டார்.

மாதக்கணக்காக வயிற்றில் கிடந்த உருண்டை முழுசாக இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. நான் முதலில் என் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பேசியிருந்தேன், அது உண்மை. அந்த உண்மையை எடுத்து இந்தப் பொய்க்கு மூக்கும் முழியும் வைத்துவிட்டார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா?

மறுநாள் மலையில் மத்தியானம் அன்னக்கூடையை எடுத்து நடுவில் வைத்தேன். கையைச் சுடுதண்ணீரில் கழுவினேன். திரும்பிப் பார்த்தால் ஆளாளுக்குத் தூக்குவாளியைத் திறந்து தனித்தனியாகத் தின்றுகொண்டிருந்தார்கள். எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிற சந்திரவல்லி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு வயிறு சரியில்லக்கா."

"வயிறு சரியில்லாமத்தான் கருவாடு திங்கிறியா?" என்றேன்.

குருவம்மாள் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் சோற்றை மட்டும் அன்னக்கூடையில் கொட்டிப் பிசைந்து தின்றேன். அவ்வளவு பெரிய பாத்திரத்தில் அது ஒரு மூலைக்குக்கூட வரவில்லை. எனக்கு வலித்தது. இதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

வெள்ளிக்கிழமை காலையில் காளியம்மன் கோவிலுக்கு வரச் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒருத்தர்மேல் பழி விழுந்தால் அம்மன் முன்னால் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து சத்தியம் செய்யவேண்டும். செய்தால் பழி தீர்ந்தது. பொய்ச் சத்தியம் என்றால் அம்மன் பார்த்துக்கொள்வாள். மனிதர்கள் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவார்கள்.

அண்ணன் தட்டை நீட்டினார். அவருக்கும் முகம் செத்துத்தான் இருந்தது. "அடிச்சிரு ஆத்தா. கதை முடிஞ்சிரும்."

கோவில் படியில் முத்துப்பிரியா உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளெல்லாம் அவளுக்குள்ளே போனது அரை டம்ளர் இளநீர், அதிலும் பாதி வெளியே வந்துவிட்டது. சூடம் எரிந்தது. கையை ஓங்கினால் ஒரு நொடி வேலை. என் பெயர் வெளுத்துவிடும். சந்திரவல்லி நாளைக்கே தழையைக் கையில் விரித்துக்கொண்டு வருவாள். எல்லாரும் கும்பிட்டுவிட்டுக் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவளுக்கு என்ன நோய் என்று கேட்க அப்புறம் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

"அடிக்க மாட்டேன்" என்றேன்.

கூட்டம் இரைந்தது. குருவம்மாள் முன்னால் வந்தாள். "மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்?"

"எனக்கு வழியில பயமில்ல மதினி. இந்தப் புள்ள வயித்துல ஒண்ணுமில்ல, அதான் பயம். நான் அடிச்சா உங்களுக்கெல்லாம் சோலி முடிஞ்சிரும். இவ தொண்ட தொறக்குமா? தொறக்கும்னு ஒருத்தர் சொல்லுங்க, ரெண்டு கையாலயும் அடிக்கிறேன்."

ஆனால் ஊர் தீர்மானித்துவிட்டது. நான் சத்தியம் செய்கிறவரை பெண் அப்பன் வீட்டில் இருக்கட்டும், என் வீட்டுப் பச்சைத்தண்ணீர்கூட அவள் வாயில் படக்கூடாது என்றார்கள். அப்பன் வீட்டில் என்ன செய்வார்கள்? மறுபடி வயிற்றைத் தடவ அந்த ஆளிடம் கூட்டிப் போவார்கள். அவர் இன்னொரு உருண்டை துப்புவார். அதற்குள் இவள் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

"விஜயபாண்டி, சாயங்கால ரயிலுக்கு மதுரை போறோம். பையை எடு" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா, அடிச்சுத் தொலையேம்மா" என்று முணுமுணுத்தான். ஊர் முழுக்கச் சொன்னதைவிட அந்த ஒரு சொல் என்னைக் கூடுதலாகச் சுட்டது. பெற்ற பிள்ளைக்கே சந்தேகமா, இல்லை சண்டை முடிந்தால் போதும் என்ற அலுப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

படியிலிருந்து முத்துப்பிரியா எழுந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. "நான் இவங்க பொண்டாட்டி, எங்கத்தை வீட்டு மருமக. நான் எங்க போகணும்னு நான் சொல்றேன்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "வாங்கத்தே. துணி எடுத்து வைக்கணும்."

அதற்கப்புறம் என் மகன் தலையை நிமிர்த்தி ஜீப்பை எடுத்தான்.

மதுரையில் இரைப்பை, குடல் பார்க்கிற டாக்டர் பெயர் வித்யா. என் மகனைவிட ஓரிரு வயது மூத்தவளாக இருப்பாள். இவளும் மனசு, மாமியார் என்று ஆரம்பித்தால் என்ன கேட்பது என்று ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அப்படி ஆரம்பிக்கவில்லை.

"சோறு மட்டும் நிக்குதா, தண்ணியும் நிக்குதா?"

"ரெண்டும்."

"வெளிய வர்றது புளிக்குதா? கசக்குதா?"

முத்துப்பிரியா யோசித்தாள். "இல்ல மேடம். தின்னது தின்ன மாதிரியே வரும். சில நாள் முந்தின நாள் சாப்பிட்டது வரும்."

"அப்ப அது வாந்தியே இல்லம்மா. வயித்துக்குப் போகவே இல்ல, வழியிலயே நின்னு திரும்புது." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "இது எப்ப ஆரம்பிச்சது?"

"மறுவீட்டு விருந்தன்னைக்கு" என்று நான் வாயைத் திறந்தேன். அதே நேரம் முத்துப்பிரியா சொன்னாள்.

"காலேஜ் கடைசி வருசத்துல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் காலைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பே. என் கைச்சோறு அவள் வாயில் படுவதற்கு எவ்வளவோ முன்பே. "இத்தனை நாளும் இதை வாய்க்குள்ள வச்சிக்கிட்டா எனக்கு ஊர்ல ஏச்சு வாங்கிக் குடுத்த?" என்று கத்தினேன். டாக்டர் கையைக் காட்டினாள், நான் நிறுத்தவில்லை. அவள் அழவில்லை. "சொல்லக் கூடாதுன்னு இருந்துச்சுத்தே" என்று மட்டும் சொன்னாள். யார் சொன்னது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பதில் வராததே எனக்குப் பாதி சொல்லிவிட்டது.

மறுநாள் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஒன்றைக் குடிக்க வைத்து, நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் அவள் உணவுக்குழாய் மேலே வீங்கி, கீழே வர வரக் குறுகி, கடைசியில் ஊசியாக முடிந்திருந்தது. பறவையின் அலகு மாதிரி இருக்கிறது பாருங்கள் என்றாள் டாக்டர். எனக்கு முள்ளங்கி மாதிரிதான் இருந்தது. குடித்த வெள்ளை அப்படியே மேலே தேங்கி நின்றது. ஒரு நூல்தான் கீழே இறங்கியிருந்தது.

அதற்கப்புறம் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் விழுங்கச் சொன்னார்கள். உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று கம்ப்யூட்டரில் வண்ணம் வண்ணமாக வந்தது. கண்ணில் நீர் வழிய வழிய அவள் அதைச் செய்து முடித்தாள். வெளியே வந்து, "காரமே இல்லாம அழுதது இன்னைக்குத்தான்" என்றாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

நோயின் பெயர் அக்கலேசியா என்றாள் டாக்டர். "நாம விழுங்குனா குழாய் சுருங்கிச் சுருங்கிச் சோத்தைக் கீழ தள்ளும். வயித்துக்கு மேல ஒரு கதவு மாதிரி தசை இருக்கு, அது அப்ப தளர்ந்து வழி விடும். இவங்களுக்கு அந்த இடத்து நரம்பு செத்துப் போச்சு. தள்ளவும் மாட்டேங்குது, கதவு தொறக்கவும் மாட்டேங்குது. அபூர்வமான நோய். லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வரும்னு வச்சுக்கங்க. அதனாலதான் பல பேர் கேஸுன்னு விட்டுர்றாங்க."

"எதனால வருது?"

"உறுதியா யாருக்கும் தெரியாதும்மா."

"சோத்துல எதையாவது வச்சா வருமா?"

டாக்டர் என்னை நிதானமாகப் பார்த்தாள். "வராது."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பொற்கொடி வைக்கலேன்னு எழுதுங்க. ஊர்ல காட்டணும்."

"இப்படி ஒரு சர்டிபிகேட் நான் இதுவரைக்கும் எழுதினதில்ல" என்று டாக்டர் சிரித்துவிட்டாள். முத்துப்பிரியா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அதெல்லாம் எதுக்குத்தே? எனக்கு வாய் இருக்கு."

செத்த நரம்பை உயிர்ப்பிக்க முடியாதாம். கதவைத்தான் திறந்துவிட முடியும். பலூன் விட்டு விரிக்கலாம், வயிற்றில் துளை போட்டுத் தசையை வெட்டலாம், அல்லது மயக்கம் கொடுத்து வாய் வழியாகவே குழாயை விட்டு உள்பக்கமாகத் தசையைக் கீறிவிடலாம். இவளுக்குக் கடைசியில் சொன்னது சரியாக வரும் என்றாள். ஆபத்தையும் மறைக்கவில்லை. குழாய் ஓட்டையாகிவிட வாய்ப்பு உண்டு, ரொம்பக் குறைவு, ஆனால் உண்டு என்றாள். செலவுக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது. மிச்சத்துக்கு வழி செய்தோம், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

சிகிச்சை அன்று காலையில் அண்ணனும் மதினியும் வந்து இறங்கினார்கள். விஜயபாண்டிதான் போனில் சொல்லியிருக்கிறான். குருவம்மாள் வந்ததும் மகளுடைய துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கொல்லவே கொண்டுவந்துட்டியா? கத்தி வைக்க விடமாட்டேன். முதல்ல நீ சூடத்தை அடி. அம்மன் மனசு வச்சா தானா சரியாகும்."

"அம்மன் மனசு வச்சுத்தான் இந்த டாக்டரைப் படிக்க வச்சிருக்கா" என்றேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினாள். குருவம்மாள் கிட்டப்போய் மூக்கு உரசும் அளவுக்குப் பார்த்தாள். மேலும் கீழும் தேடினாள். "அந்த உருண்டை எங்க இருக்கு?"

"உருண்டை எதுவும் இல்லம்மா."

"கரைஞ்சிருக்கும்."

எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அண்ணன் மட்டும் அந்த ஊசிமுனையைப் பார்த்தபடி நின்றார். "இவ்வளவு வழிதானா என் புள்ளைக்கு இருந்துச்சு?" என்று கேட்டார். குருவம்மாள் பையை இறக்கவில்லை. "நடடி, போவோம்" என்று மகள் கையைப் பற்றினாள்.

முத்துப்பிரியா கையை உதறினாள். அவளிடம் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "நான் செத்தா அத்தையாலன்னு சொல்லுவ. பொழைச்சா அம்மனாலன்னு சொல்லுவ. நான் பசியில கெடக்கேன்மா. எனக்குச் சோறு வேணும். பையைக் கீழ வை."

கையெழுத்தை அவளே போட்டாள். பில் போட்டுப் பழகின கை, எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அவளை உள்ளே கொண்டுபோனபின் நாங்கள் நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு மூலை, குருவம்மாள் மறு மூலை. ஓட்டையாகிவிட வாய்ப்பு உண்டு என்ற சொல் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னைச் சிலமலையில் கால் வைக்க விடமாட்டார்கள். அதைக்கூடத் தாங்கிவிடலாம். நான் பிடிவாதம் பிடித்து அண்ணன் மகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கே தோன்றிவிட்டால்? அப்போது சாமியைக் கும்பிட்டேன். சூடம் இல்லாமல்தான் கும்பிட்டேன்.

நல்லபடியாக முடிந்தது. மறுநாள் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். நான்தான் டம்ளரைப் பிடித்தேன். குடித்தாள். வழக்கம்போல நெஞ்சைப் பிடிக்கக் கை போனது. பாதி வழியில் கை நின்றது.

"அத்தே, இறங்குதுத்தே" என்றாள். "குளுகுளுன்னு இறங்குது."

கோவிலில் வராத அழுகை, மலையில் விடாத அழுகை எல்லாம் அங்கே வந்தது. நர்ஸ் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். கதவு திறந்துவிட்டது, தள்ளுகிற வேலை இனியும் நடக்காது. நன்றாக மென்று, நிமிர்ந்து உட்கார்ந்து, தண்ணீரோடு சாப்பிடவேண்டும். தின்றவுடன் படுக்கக்கூடாது. நெஞ்செரிச்சல் வரலாம், மாத்திரையை நிறுத்தக்கூடாது. வருடா வருடம் வந்து காட்டவேண்டும். கூழ், குழைந்த சாதம், இட்லி என்று படிப்படியாக ஏறி, ஆடி பிறக்கும்போது அவள் வளையல் மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது.

மலையில் காய் எடுப்புத் தொடங்கும் நாளில் தோட்டத்துச் சாமிக்குப் பொங்கல் வைப்போம். அன்றைக்கு வீட்டு ஆட்களும் ஜீப்பில் வருவார்கள். கடைக்கு லீவு சொல்லிவிட்டு முத்துப்பிரியாவும் வந்தாள். மூடுபனிக்குள் செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. கல்லுக்கு மஞ்சள் பூசி, குருவம்மாள் தட்டில் சூடம் ஏற்றினாள். கும்பிட்டு முடித்ததும் தட்டை என் பக்கம் திருப்பினாள்.

"அதான் புள்ள தேறிட்டாளே. எல்லாரும் இருக்காக. இப்ப ஒரு அடி அடிச்சிரு பொற்கொடி. மனசுல இருக்கிற கொஞ்சநஞ்சமும் போயிரும்."

கொஞ்சநஞ்சம் இன்னும் இருக்கிறதாம்! என் மகன் அசைந்தான். இந்தத் தடவை அவன் வாயைத் திறக்கவில்லை. "அன்னைக்கும் மாட்டேன்னேன், இன்னைக்கும் மாட்டேன்" என்றேன்.

"அத்தை எதுக்கு அடிக்கணும்?" முத்துப்பிரியா இடையில் வந்து நின்றாள். "அம்மா, நீ அடி."

"நான் எதுக்குடி?"

"காலேஜ் லீவுக்கு வந்தப்ப நான் நின்னுக்கிட்டே சோறு தின்னதைப் பாத்தியா இல்லையா? கல்யாணம் முடியிறவரைக்கும் வாயைத் தொறக்காதடின்னு சொன்னியா இல்லையா? சொல்லலேன்னு அடி. அம்மன் பாத்துக்கிருவா."

குருவம்மாள் தட்டைக் கல்லடியில் வைத்தாள். எனக்குப் பாதி தெரிந்திருந்ததுதான். ஆனாலும் காதில் விழுந்தபோது அந்த அன்னக்கூடையைத் தூக்கி வீசலாம் போல ஆத்திரம் வந்தது. என் மதினி தெரிந்தே என் கையில் பழியை வைத்திருக்கிறாள். தெரிந்தே கோவிலில் என்னை நிறுத்தியிருக்கிறாள்.

குருவம்மாள் தரையைப் பார்த்துப் பேசினாள். "பொம்பளப் புள்ளைக்கு நோயின்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? அப்புறம் அந்தாளு உருண்டையைக் காட்டவும், நம்ம மறைச்சதால இல்ல, வேற ஆளாலதான்னு நம்பிக்கிட்டேன். அப்படி நம்புனாத்தான் எனக்குச் சோறு இறங்குச்சு."

"எவன் கட்டுவானா?" என்றேன். என் குரல் அந்தச் சரிவு முழுக்கக் கேட்டிருக்கும். "எம்மகன் கட்டியிருப்பான் மதினி. எங்கண்ணன் மகளை நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கட்டுன மறுநாளே மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேனே. அந்தப் புள்ள அத்தனை மாசம் பட்டினி கெடந்துச்சே!"

சூடம் தானாகவே எரிந்து முடிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

முத்துப்பிரியா ஒரு ஏலத்தழையைக் கிழித்தாள். ஈரத்தை முந்தானையில் துடைத்து உள்ளங்கையில் விரித்தாள். "பசிக்குது அத்தே. பிசைங்க."

கை கழுவினேன். பொங்கலோடு அவரவர் கொண்டுவந்த குழம்பையெல்லாம் கொட்டச் சொன்னேன். கொட்டினார்கள். முதல் உருண்டையைச் சின்னதாகப் பிடித்து அவள் கையில் வைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னபடி மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். அத்தனை பெண்களும் அவள் தொண்டையையே பார்த்தார்கள். விழுங்கினாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"இறங்கிருச்சு. அடுத்தது கொண்டாங்க" என்றாள்.

சந்திரவல்லி கை நீண்டது. "வயிறு சரியாயிருச்சாடி?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். அப்புறம் ஒவ்வொரு கையாக வந்தது. கடைசியில் ஒரு தழை பாதி நீண்டு, பாதியில் நின்றது. குருவம்மாள் கை. வைக்காமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்றைப் பிடித்து அந்தக் கையில் வைத்தேன்.

"தின்னு மதினி. ஒண்ணும் கலக்கல."

வாயில் போட்டாள். அழுகையோடு மென்றாள். விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. தொண்டையில் நின்றுவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

முத்துப்பிரியாதான் எழுந்து போய்த் தன் தண்ணீரைக் கொடுத்தாள். "நிமிர்ந்து உக்காரும்மா" என்றாள். "மெதுவா. இறங்கிரும்."